மறுசுழற்சி மீன் பண்ணையில் மண்வாடை: நீரைப் பேணுவதும் மீனின் வாடையை நீக்குவதும்

மறுசுழற்சி முறையில் வளர்த்த மீன் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், வாயில் வைத்தவுடன் சேற்று வாடை வீசினால் அதை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். தமிழ்நாட்டில் கிஃப்ட் திலேப்பியா, கொடுவா, விரால் போன்றவற்றைத் தொட்டிகளில் வளர்ப்போர் பெருகி வருகின்றனர். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டம் மறுசுழற்சிப் பண்ணைகளுக்கு மானியமும் அறிவித்தது. ஆனால் தொட்டி கட்டும்போது அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் பற்றி எண்ணிப் பார்க்கும் அளவுக்கு, விற்கும் மீனின் சுவையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் அறுவடைக்குப் பிறகு, மீன் சந்தைக்குப் போய்த் திரும்பிய பின்னரே அந்த எண்ணம் வருகிறது. அப்போது வாடை நீக்கும் தொட்டிக்கு இடமும் இருக்காது, குழாய் இணைப்பும் இருக்காது.

நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பண்ணையில் மண்வாடையை முற்றிலும் தவிர்க்க முடியும் என்று எண்ண வேண்டாம். வளர்ப்புத் தொட்டிகளில் அதைக் குறைத்து வைக்கலாம். மீனிலிருந்து அதை வெளியேற்றுவதோ தனித் தொட்டியில், புது நீரில், கடைசி நாட்களில்தான் நடக்கும். பண்ணையின் வரைபடத்தைப் போடும் நாளிலேயே இந்த இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

வாடை எங்கிருந்து வருகிறது

மீனில் வீசும் மண்வாடைக்குப் பெரும்பாலும் இரண்டு சேர்மங்கள் காரணம். ஒன்று ஜியோஸ்மின், கோடையின் முதல் மழையில் நிலத்திலிருந்து எழும் மணமும் இதே பொருளால் ஆனதுதான். மற்றொன்று மெதில் ஐசோபோர்னியால், சுருக்கமாக எம்.ஐ.பி. என்பார்கள். இதில் பூஞ்சை பிடித்த மரத்தின் வாடையும் சற்றே கற்பூர நெடியும் கலந்திருக்கும். இரண்டும் உடலுக்குத் தீங்கு செய்வதாக அறியப்படவில்லை, ஆனால் மனித மூக்கு இவற்றை வியக்கத்தக்க நுட்பத்துடன் கண்டுபிடித்துவிடும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 நானோகிராம் ஜியோஸ்மின் இருந்தாலே பலரால் உணர முடியும். அதாவது 100 கோடி லிட்டர் நீரில் 10 கிராம். மீனின் சதையில் இதைவிடப் பல மடங்கு அதிகம் தேவைப்படும். வானவில் டிரௌட் மீனில் கிலோவுக்கு 0.9 மைக்ரோகிராம் ஜியோஸ்மினும், அமெரிக்கக் கெளுத்தியில் கிலோவுக்கு 0.7 மைக்ரோகிராம் எம்.ஐ.பி.யும் உணரும் எல்லைகளாக ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றை நாம் மில்லிகிராமில் அளக்கிறோம். வாடை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய அளவில் நடக்கும் விஷயம் என்பதால், நீர்ப் பரிசோதனைப் பெட்டியில் எல்லாம் சரியாகக் காட்டினாலும் மீனில் மண்வாடை இருக்கலாம்.

இந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் மீனின் செவுள் வழியாகவே உள்ளே போகின்றன. நீரில் இருப்பதைச் செவுள் இழுத்துக்கொள்ள, அது இரத்தத்தில் கலந்து கொழுப்பில் போய்த் தங்குகிறது. உள்ளே போவதற்குச் சில மணி நேரம் போதும். வெளியே வருவதற்கு நாட்கள், சில மீன்களில் வாரங்கள் ஆகும். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பல கட்டுப்பாடுகள் எதற்காக என்பது தானே விளங்கும்.

ஏரி, குளம் ஆகியவற்றில் வாடைக்குக் காரணமாக இருப்பவை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். அதனால் பலர், கூரை போட்டு இருட்டாக்கிய தொட்டியில் பாசி வளராது, ஆகவே வாடையும் வராது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. மறுசுழற்சிப் பண்ணையில் ஜியோஸ்மினை உண்டாக்குபவை முக்கியமாகப் பாக்டீரியாக்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய ஆக்டினோமைசீட் இனங்களும் மிக்சோபாக்டீரியா வகைகளும் இதில் அடங்கும். இவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. அழுகும் கரிமப் பொருளும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கும் இடம் இருந்தால் போதும். இஸ்ரேலில் ஒரு மறுசுழற்சி அமைப்பை ஆராய்ந்தவர்கள், ஆக்சிஜனும் கரிமக் கழிவும் நிறைந்த பகுதிகளில் இந்தச் சேர்மங்கள் உருவாவதையும், ஆக்சிஜன் இல்லாத கசடுத் தொட்டியில் அவை குறைவதையும் கண்டனர். வடிகட்டியின் ஓரங்கள், சொட்டு வடிகட்டியின் ஊடகம் (பாக்டீரியா ஒட்டி வளர்வதற்காக நிரப்பும் பொருள்), குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பான படலம், ஏரேட்டர் கற்களைச் சுற்றிய பழுப்பு நிறப் பூச்சு ஆகியவையே இந்த உயிரிகளின் வீடு. எனவே பாசிக்கொல்லியோ காப்பர் சல்பேட்டோ இங்கே பயன்படாது. காப்பர் சல்பேட் சில அளவுகளில் மீனையும், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வாழும் உயிரி வடிகட்டியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

கசடை விரைவில் வெளியேற்றுங்கள்

வளர்ப்புப் பகுதியில் நாம் செய்யக்கூடியவற்றுள் மிகுந்த பலன் தருவது கசடை அகற்றுவதுதான். ஒரு கிலோ தீவனம் போட்டால், உலர் எடையில் ஏறத்தாழ 250 கிராம் திடக்கழிவாக வெளிவரும். அது எச்சமாக உருக்குலையாமல் இருக்கும் முதல் சில நிமிடங்களில் வெளியேற்றுவது எளிது. பம்பின் சுழலில் அடிபட்டு நுண்துகள்களாகப் பொடிந்துவிட்டால், எந்த வடிகட்டிக்கும் அகப்படாமல் தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே தொட்டியிலிருந்து வரும் நீர் முதலில் வடிகட்டிக்குப் போக வேண்டும், பம்புக்கு அதற்குப் பின்னரே போக வேண்டும். வட்டத் தொட்டியில் நடுவடிகால் வழியாகக் கசடு நிறைந்த சிறு பங்கு நீரையும், பக்கச்சுவர் வழியாகத் தெளிந்த பெரும்பங்கு நீரையும் தனித்தனியே எடுக்கும் இரட்டை வடிகால் அமைப்பு இதற்கு மிக ஏற்றது.

சுழலும் உருளை வலையால் கசடைப் பிரிக்கும் டிரம் ஃபில்டரை வாங்க வசதி உள்ளவர்கள் 40 முதல் 60 மைக்ரான் வலை உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு பண்ணைகளில் சுழல் கசடுப் பிரிப்பானும், அதற்குப் பின் பஞ்சு அல்லது நைலான் தூரிகைத் தொட்டியும் வைத்துச் சமாளிக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அங்கே பிடிபட்ட கசடு நீரோட்டத்திலேயே கிடக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிரிப்பானின் அடிவால்வை நாளுக்கு இருமுறையாவது திறந்து கசடை வெளியேற்ற வேண்டும். பஞ்சைத் தினமும் அலச வேண்டும். இரண்டு நாள் கழுவாத பஞ்சு, நீரைத் தெளிவாகக் காட்டிக்கொண்டே வாடைக்கு விளைநிலமாக மாறிவிடும். அலசிய அழுக்கு நீர் எக்காரணம் கொண்டும் அமைப்புக்குள் திரும்ப வரக்கூடாது. கசடு உலர்த்தும் மேடையிலிருந்து வடியும் நீரையும், நீர் மிச்சமாகிறதே என்று திருப்பி விடுவோர் உண்டு. அதையும் தவிர்க்க வேண்டும். அந்த நீர் தென்னைக்கோ வாழைக்கோ போகட்டும்.

நீர் தேங்கும் மூலைகளைத் தேடிப் பார்ப்பது இன்னொரு கடமை. தொண்ணூறு பாகையில் திரும்பும் குழாய் முனைகள், பயன்படுத்தாமல் மூடி வைத்த கிளைக்குழாய்கள், சம்ப் தொட்டியின் தரை, உயிரி வடிகட்டியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் கறுப்புக் கசடு படியும். ஒவ்வொரு நீண்ட குழாயின் முடிவிலும் திறந்து கழுவக்கூடிய மூடி வைத்திருந்தால், வாரம் ஒருமுறை வேகமாக நீரை விட்டு வெளியேற்றலாம். தீவன மூட்டையின் அடியில் சேரும் தூளைச் சலித்துவிட்டுப் போடுவதும் உதவும். மீன் தின்னாத தூள், நேராகப் பாக்டீரியாவுக்குப் போட்ட தீவனம்.

உயிரி வடிகட்டியும் காரத்தன்மையும்

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. புதுத் தொட்டியில் இவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். கரிமக் கழிவு அதிகமாக வந்து சேர்ந்தால், வேகமாக வளரும் வேறு பாக்டீரியாக்கள் ஊடகத்தின் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு, இவற்றை மூச்சுத் திணறச் செய்யும். அந்த வேகமான கூட்டத்துக்கு இடையில்தான் ஜியோஸ்மின் உண்டாக்கும் உயிரிகளும் குடியேறுகின்றன. எனவே அம்மோனியா ஏறுவதும் மீனில் மண்வாடை கூடுவதும் பல பண்ணைகளில் ஒரே காரணத்தால் நிகழ்கின்றன. ஊடகத்தைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய, மென்பழுப்புப் படலம் இருந்தால் நல்லது; தடித்த, கூழ் போன்ற பூச்சு இருந்தால் முன் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஊடகம் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும் நகரும் படுகை வடிகட்டியில் இப்படிப் படிவது குறைவு. சரளைக்கல், உடைந்த செங்கல், நைலான் வலைச் சுருள் போன்றவற்றை அசையாமல் அடுக்கிய வடிகட்டிகளைக் கழுவுவதே பெரும்பாடு என்பதால், புதிதாகக் கட்டுவோர் நகரும் படுகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கணக்கு ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். 32 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். அதில் ஒவ்வொரு கிராமையும் நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் அளவில் 7.14 கிராம் காரத்தன்மையும் (நீர் அமிலமாகாமல் தாங்கும் திறன்) செலவாகும். அதாவது ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 210 கிராம் காரத்தன்மை கரைந்து போகிறது. புது நீர் ஒரு பங்கை ஈடுசெய்யும்; மீதிக்கு, கிலோ தீவனத்துக்கு 200 முதல் 250 கிராம் சமையல் சோடா என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. நாள்தோறும் அளந்து, காரத்தன்மை லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமுக்குள் நிற்கும்படி இதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வடிகட்டியிலிருந்து வெளிவரும் நீரிலும் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. மீன் தொட்டியில் 5-க்கு மேல் இருக்கட்டும். நைட்ரைட் ஏறும் நாட்களில் கல்லுப்பைக் கரைத்துக் குளோரைடு அளவை உயர்த்தினால், மீனின் இரத்தம் பழுப்பாகும் ஆபத்து தடுக்கப்படும்.

கருவி விற்பவர்கள் சொல்வதும் உண்மை நிலையும்

ஓசோன் பொருத்தினால் வாடை போய்விடும் என்று கருவி விற்பவர்கள் சொல்வார்கள். ஓசோன் நீரைத் தெளிவாக்கும், நிறத்தைப் போக்கும், நுண்துகள்களை ஒன்றுசேர்த்து வடிகட்டிக்கு உதவும். ஆனால் வளர்ப்பு நீரில் கரைந்துள்ள கரிமப் பொருட்கள் ஏராளம் என்பதால், போடும் ஓசோன் முழுவதையும் அவையே உண்டுவிடும். நானோகிராம் அளவில் இருக்கும் ஜியோஸ்மினை எட்டிப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவில் வானவில் டிரௌட் வளர்த்த மறுசுழற்சித் தொட்டிகளில், நீரின் தரத்துக்காகப் போடப்படும் அளவு ஓசோனால் மண்வாடைச் சேர்மங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று ஆய்வு காட்டியது. அளவைக் கூட்டினாலோ செவுள் வெந்து மீன் செத்துப்போகும். உவர்நீரிலும் கடல்நீரிலும் நச்சுத்தன்மையுள்ள புரோமின் சேர்மங்களும் உருவாகும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும்; பண்ணைகளில் பொருத்தப்படும் ஆற்றலில் அது ஜியோஸ்மினைச் சிதைக்காது. குளோரின் இந்த மூலக்கூறுகளை உடைப்பதில் மிகவும் பலவீனமானது. காற்றைக் குமிழாக விட்டு வெளியேற்றலாம் என்று எண்ணுவோரும் உண்டு. கார்பன் டை ஆக்சைடைப் போல இவை எளிதில் காற்றுக்குப் போவதில்லை.

கிளர்வூட்டிய கரி மட்டும் உண்மையாகவே இவற்றைப் பிடிக்கும். நுண்துளைகள் நிறைந்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, இத்தகைய சிறு மூலக்கூறுகளுக்கு நன்கு ஒத்துவரும். காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதிகளிலிருந்து நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. ஆனால் இதை வளர்ப்புத் தொட்டியின் நீரில் பொருத்தினால், மற்றக் கரிமப் பொருட்கள் விரைவில் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட கரி பிறகு பாக்டீரியாக்களுக்கு ஓர் உறைவிடமாகவும் மாறும். கரியின் இடம் வாடை நீக்கும் தொட்டியின் சுத்தமான நீர்ப்பாதை. அங்கும் அதைக் காலம் பார்த்து மாற்ற வேண்டும்.

வாடை நீக்கும் தொட்டி

பண்ணையாளர்கள் பர்ஜிங் என்று சொல்லும் இந்த வேலை, அறுவடைக்கு வந்த மீனைத் தீவனம் நிறுத்திப் புது நீரில் சில நாட்கள் வைத்திருப்பதாகும். நீரில் ஜியோஸ்மின் இல்லையென்றால், மீனின் கொழுப்பிலிருந்து அது செவுள் வழியாக மெல்ல வெளியேறும். நீரிலேயே அது இருந்தால் எத்தனை நாள் வைத்தாலும் பயனில்லை. இந்த ஒரு விதியைப் புரிந்துகொள்ளாமல், அதே சுழற்சி நீரில் மீனைப் பட்டினி போட்டு வைப்பவர்கள் எடையையும் இழக்கிறார்கள், வாடையையும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்தத் தொட்டிக்கு உயிரி வடிகட்டி கூடாது. ஊடகம், பஞ்சு, தூரிகை, சரளை என எதுவுமே கூடாது. பாக்டீரியா ஒட்டி வளரத்தக்க மேற்பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஃப்ரெஷ்வாட்டர் இன்ஸ்டிட்யூட்டில் அட்லாண்டிக் சால்மனை வைத்து நடந்த ஆய்வில், மீனை விடுவதற்கு முன் ஹைட்ரஜன் பெராக்சைடால் தூய்மையாக்கப்பட்டதும், காற்றூட்டும் ஊடகம் நீக்கப்பட்டதுமான தொட்டிகளில் ஜியோஸ்மின் மிகவும் குறைந்தது. புது நீரை விட்டால் மட்டும் போதாது, தொட்டியின் சுவரும் குழாயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை இந்த முடிவு உறுதிப்படுத்துகிறது.

சிமெண்ட் சுவர் சொரசொரப்பாக இருந்தால் படலம் எளிதில் பிடிக்கும்; எப்பாக்ஸி பூசியதோ ஃபைபர் தொட்டியோ ஏற்றது. மீனை விடும் முன்பு சுவரையும் தரையையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது பிளீச்சிங் பவுடர் கரைசலை நிரப்பி, குழாய்களிலும் அது ஓடும்படி ஒரு மணி நேரமாவது சுற்றவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரில் 30 விழுக்காடு குளோரின் இருந்தால், 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 670 கிராம் போட 200 பி.பி.எம். கிடைக்கும். பிறகு வடித்துவிட்டு நன்றாக அலசி, வெயிலில் காயவிட வேண்டும். இந்தக் கரைசல் ஒரு துளியும் வளர்ப்புப் பகுதியின் உயிரி வடிகட்டிக்குப் போகக்கூடாது. பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலத்தையும் சேர்க்கவும் கூடாது, நச்சுவாயு கிளம்பும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

அடுத்தது நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் பாசியின் வாடை இருக்காது என்பதால் அதுவே சிறந்தது. ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவாகவும், கார்பன் டை ஆக்சைடும் சில இடங்களில் இரும்பும் அதிகமாகவும் இருக்கும் என்பதால், முன்தொட்டி ஒன்றில் காற்றூட்டிய பிறகே விட வேண்டும். அந்த முன்தொட்டியும் கழுவக்கூடியதாக, மூடியதாக இருக்கட்டும். குளத்து நீரோ கால்வாய் நீரோ கோடையில் தானே மண்வாடை வீசும் நிலையில் இருக்கலாம். அத்தகைய நீரைப் பயன்படுத்த நேர்ந்தால் கரி வடிகட்டி வழியாக விட வேண்டும். குளோரின் கலந்த குடிநீர் என்றால், ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டு முறித்த பின்பே மீனுக்கு விடலாம்.

நீரின் அளவை எப்படிக் கணக்கிடுவது? 500 கிலோ மீனில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் ஜியோஸ்மின் இருக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 2,500 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் தொட்டியில் நீரை மாற்றாமல் வைத்திருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு வெளிவந்தவுடனேயே நீரில் லிட்டருக்கு 25 நானோகிராம் சேர்ந்துவிடும். அது மனித மூக்கு உணரும் எல்லையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதன்பிறகு வெளியேறும் வேகம் தணிந்து, மீனுக்கும் நீருக்கும் இடையே ஒரு சமநிலை ஏற்பட்டு எல்லாம் நின்றுவிடும். எனவே நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறையாவது, முடிந்தால் இரண்டு முறை தொட்டி நீர் முழுவதும் மாற வேண்டும்.

அவ்வளவு நீருக்கு எங்கே போவது என்ற கேள்வி நம் ஊரில் நியாயமானது. விடை பண்ணையின் அமைப்பிலேயே இருக்கிறது. நாளுக்கு 50 கிலோ தீவனம் போடும் பண்ணை, கிலோ தீவனத்துக்கு 400 லிட்டர் வீதம் புது நீர் சேர்த்தால், எப்படியும் 20,000 லிட்டர் தேவைப்படும். அந்தப் புது நீர் முழுவதையும் நேரே வளர்ப்புத் தொட்டிக்கு விடாமல், முதலில் வாடை நீக்கும் தொட்டிக்கு விட்டு, அங்கிருந்து வழியும் நீரை வளர்ப்புப் பகுதிக்குச் சேர்க்கும்படி குழாய் அமைத்தால், 10,000 லிட்டர் தொட்டியின் நீர் கூடுதல் செலவின்றி நாளுக்கு இருமுறை மாறும். நீர் எப்போதும் சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போகிறது, திரும்புவதில்லை. கட்டும்போதே செய்தால் ஒரு குழாய்ச் செலவு. கட்டி முடித்த பின் செய்தால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

தீவனம் நிறுத்தப்பட்டிருப்பதால் அம்மோனியா குறைவாகவே வரும். அதனால் கன மீட்டருக்கு 50 கிலோ வரை திலேப்பியாவை வைக்கலாம். ஆனால் ஆக்சிஜன் இடைவிடாமல் கிடைக்க வேண்டும், ஜெனரேட்டர் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் குடலில் உள்ளதெல்லாம் வெளிவரும். அந்த எச்சம் அங்கேயே கிடந்து அழுகினால் புதுத் தொட்டி மறுநாளே பழைய தொட்டியாகிவிடும். ஆகவே மீனை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திவிட்டு, மாற்றிய பின் முதல் இரண்டு நாட்களும் அடிவடிகாலைப் பலமுறை திறந்துவிடுவது நல்லது. மிரண்ட மீன் துள்ளும் என்பதால் மேலே வலையும், பாசி பிடிக்காமலிருக்க நிழலும் தேவை. வலை, வாளி, கூடை என வளர்ப்புப் பகுதியில் பயன்படுத்தும் எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. கொழுப்புக் குறைந்த மீனில் வாடை விரைவாக நீங்கும். பங்காசியஸ் போன்ற கொழுப்பு மிகுந்த மீனில் நெடுநாள் பிடிக்கும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் மீனின் மூச்சோட்டம் கூடுவதால் நீக்கமும் விரைவுபடும். குளிர்நாட்டுச் சால்மனுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களும், சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படுவதுண்டு. 28 டிகிரி நீரில் உள்ள திலேப்பியாவுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் என்று தொடங்கி, சுவைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பட்டினி நாட்களில் எடை குறையும். அதை இழப்பாகக் கருதி நாட்களைக் குறைப்பது பெருந்தவறு. அந்த எடையிழப்பை விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சுவைத்துப் பார்த்தல்

ஆய்வகத்தில் வாயு நிறவரைவியல் கருவியால் ஜியோஸ்மினைத் துல்லியமாக அளக்க முடியும். அதற்கு அனுப்பும் நீர் மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இருட்டில், பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆண்டுக்குச் சில முறை இதைச் செய்வது பயனுள்ளது. ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் முடிவு சொல்ல வேண்டியது நாக்கும் மூக்கும்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெளுத்தி மீனை வாங்கும் ஆலைகள், அறுவடைக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பும், அறுவடையை ஒட்டிய நாட்களிலும், வண்டி ஆலைக்கு வந்து நின்ற பின்பும் மாதிரி மீனைச் சமைத்துச் சுவைத்த பிறகே வாங்குகின்றன. அங்கே இதற்கென்றே பழகிய சுவைஞர்கள் இருக்கிறார்கள். அந்த ஒழுங்கை நம் சிறு பண்ணையிலும் கடைப்பிடிக்க முடியும்.

உப்பு, மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் சேர்க்காமல், தோலோடு ஒரு துண்டை வாழையிலையிலோ அலுமினியத் தாளிலோ இறுக மூடி ஆவியில் வேகவைக்க வேண்டும். திறந்தவுடன் எழும் ஆவியை முதலில் முகர வேண்டும். வாடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். பின்னர் ஒரு சிறு துண்டைச் சுவைக்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் என்பதால் அங்கே வாடை நன்றாகத் தெரியும். வால்துண்டு மட்டும் நன்றாக இருப்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். ஒரே தொட்டியில் உள்ள மீன்களுக்குள்ளும் வேறுபாடு இருக்கும் என்பதால், ஐந்தாறு மீன்களை, அவற்றுள் கொழுத்தவற்றையும் சேர்த்து, எடுத்துப் பார்க்க வேண்டும். வாடையே இல்லை என்பதற்குச் சுழியம், தின்னவே முடியாது என்பதற்கு ஐந்து என்று மதிப்பெண் போட்டு எழுதி வைத்தால், அடுத்தடுத்த அறுவடைகளை ஒப்பிட முடியும்.

சோதிப்பவர் பண்ணையில் நாள் முழுவதும் வேலை செய்பவராக இருக்கக்கூடாது. ஜியோஸ்மின் மூக்கை விரைவில் மரத்துப்போகச் செய்யும். வாடை மிகுந்த ஒரு மீனைச் சுவைத்தபின் அடுத்த மீன் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் இடையிடையே வெறும் சோறு தின்று, தண்ணீர் குடித்து, சற்று வெளியே நடந்துவிட்டு வர வேண்டும். குறைந்தது மூன்று பேர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். மூவரில் ஒருவர் வாடை இருக்கிறது என்று சொன்னாலும் மீனை இன்னும் இரண்டு நாள் தொட்டியில் வைத்திருங்கள். சுவைக்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும், வாங்குபவர்களிலும் அந்தக் கூர்மூக்கர் இருப்பார்.

எல்லா வாடையும் மண்வாடை அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய் வாடை வந்தால், தீவனத்தின் கொழுப்பு கெட்டிருக்கிறது. மூட்டையின் தேதியையும் வைக்கும் அறையின் வெப்பத்தையும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் எங்கோ ஆக்சிஜன் இல்லாத கசடு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகிறது. அது மீனின் உயிருக்கே ஆபத்து என்பதால் உடனே தேட வேண்டும். டீசல் வாடை வந்தால் ஜெனரேட்டர் அறையிலிருந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறுவடையும் அதற்குப் பின்னும்

வாடை நீங்கிய மீனை எந்த நீரில் கொண்டுபோகிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். உயிர்மீனாக விற்பவர்கள் வண்டித் தொட்டியை, பக்கத்தில் இருக்கிறதே என்று வளர்ப்புத் தொட்டி நீரால் நிரப்பினால், ஒரு வாரம் செய்த வேலை சில மணி நேரப் பயணத்தில் வீணாகும். செவுள் அதை மீண்டும் இழுத்துக்கொள்ளும். வண்டித் தொட்டியைக் கழுவி, வாடை நீக்கும் தொட்டிக்கு வரும் அதே நீரால் நிரப்ப வேண்டும். ஐஸில் வைப்பதாயின், மீனைக் குளிரவைக்கும் நீரும் ஐஸும் குடிநீர்த் தரத்தில் இருக்கட்டும்.

ஏரி மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளிக்கரைசலிலோ மோரிலோ ஊறவைத்துக் கழுவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதற்கு வேதியியல் அடிப்படையும் இருக்கிறது: அமிலத்தில் ஜியோஸ்மின் நீர் மூலக்கூறை இழந்து வாடையற்ற ஆர்கோஸ்மினாக மாறுகிறது. புளிக்குழம்பில் சேற்று வாடை அடங்குவதற்கு மசாலா மட்டும் காரணமல்ல. ஆயினும் வெறும் உப்பும் மிளகும் போட்டு வறுப்பவர்கள், ஆவியில் வேகவைப்பவர்கள், முள் நீக்கிய துண்டுகளாக வாங்கும் உணவகங்கள் ஆகியோரிடம் இந்தச் சமையலறைத் தீர்வை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு விற்க வேண்டுமென்றால் மீன் பண்ணையை விட்டுப் போகும் முன்பே சுத்தமாகியிருக்க வேண்டும்.

அறுவடை முடிந்த அன்றே வாடை நீக்கும் தொட்டியை வடித்து, சுவர் ஈரமாக இருக்கும்போதே தேய்த்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்த படலம் பிறகு எளிதில் வராது. குழாயின் உள்ளே இருக்கும் நீரையும் வெளியேற்றி, வால்வுகளைத் திறந்தபடி விட்டு உலரவிடுங்கள். அடுத்த தொகுதி மீனை மாற்றுவதற்கு முந்தைய நாள் மீண்டும் ஒருமுறை கிருமிநீக்கம் செய்து, அலசி, புது நீரைப் பல மணி நேரம் ஓடவிட்டு, அந்த நீரையே ஒரு குவளையில் எடுத்து வெதுவெதுப்பாகச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். நீரில் வாடை இருந்தால் மீனை விட வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு விடலாம்.